நாய் நுழையாத நகர்

நாய்க்குப் பயப்படுவது பெரிய காரியம் இல்லை. கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாமல் இருபத்தோரு வருஷம் பயப்படுவதுதான் பெரிய காரியம். உத்திரமேரூரில் பத்திரம் எழுதும் கன்னியப்பன் அந்தச் சாதனையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார்.

ஆள் பார்வைக்கு வாட்டசாட்டம். முறுக்கு மீசை. ஊரே 'ரைட்டர்' என்று கூப்பிடும். ஆனால் தெருவில் ஒரு நாய் படுத்திருந்தால் போதும், ரைட்டருக்கு உடனே போன் வந்துவிடும். காதில் வைத்துக்கொண்டு "ஹலோ... ஆமாங்க... ம்..." என்று நின்ற இடத்திலேயே நின்று பேசுவார். நாய் எழுந்து போனதும் போனும் கட்டாகிவிடும். மழையோ வெயிலோ, கையில் குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. சின்ன வயதில் பெருநகர் பஸ் ஸ்டாப்பில் ஒரு நாய் கவ்விய தழும்பு கெண்டைக்காலில் இருக்கிறது. அது சைக்கிள் செயின் கிழித்தது என்று கல்யாணமான புதிதிலேயே சுலோச்சனாவிடம் பதிவு பண்ணியாயிற்று.

அவர் வீடு கட்டின கதையும் இதில்தான் சேர்த்தி. ஊருக்கு வெளியே ஏரிக்கரைப் பக்கம், நெல் விளைந்த கழனியை மனை மனையாகப் பிரித்து, 'குபேர நகர்' என்று வளைவு கட்டியிருந்தார்கள். ஒரு கிரயத்துக்காக இடம் பார்க்கப் போனபோது நாலு தெருநாய்கள் அவர் மொபெட்டைத் துரத்தின. கன்னியப்பன் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே வளைவுக்குள் புகுந்தார். நாய்கள் வளைவுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டன. குரைப்பும் நின்றது. நாலும் வரிசையாக உட்கார்ந்து உள்ளே பார்த்தன. அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் எதையோ பார்த்தன.

வேறு யாராவதாக இருந்தால் திரும்பிப் பார்த்திருப்பார்கள். கன்னியப்பன் அந்த வாரமே இருபத்தேழாம் நம்பர் மனைக்குத் தன் பெயரில் ஒரு பத்திரம் எழுதிக்கொண்டார். நாய் நுழையாத நகர்! ஏன் நுழையவில்லை என்பதை நாயிடம்தான் கேட்க வேண்டும். அந்த அளவுக்கு அவருக்கு நாயோடு பேச்சுவார்த்தை கிடையாது.

அறுபத்து நாலு மனையில் எழும்பியது அந்த ஒரே வீடு. மீதி இடமெல்லாம் கல். வெள்ளையடித்து, சிவப்பில் நம்பர் போட்டு, முழங்கால் உயரத்துக்கு வரிசை வரிசையாக நட்ட கல். மகள் சுதா படிக்கப் போய் ஏனாத்தூர் ஹாஸ்டலில் தங்கிவிட்ட பிறகு, காலை ஒன்பது மணிக்கு மொபெட் சத்தம் வளைவைத் தாண்டினால், சாயங்காலம் ஆறு வரைக்கும் அங்கே சுலோச்சனாவும் அந்தக் கற்களும்தான். உச்சிப்பொழுதில் ஏரிக்காற்றும் நின்றுவிடும். காக்கை கூடக் கத்தாது. கல்லின் நிழல் கல்லுக்கடியிலேயே ஒடுங்கிக் கிடக்கும் அந்த வேளையில், காற்றே இல்லாமல், வீட்டைச் சுற்றிக் காய்ந்த புல் மட்டும் சரசரக்கும். ஒரு சுற்று வந்து வாசலில் நிற்கும். பிறகு மறுபடி ஒரு சுற்று.

"இன்னாங்க, எனக்கு இங்க தனியா இருக்க பயமா கீதுங்க," என்றாள் ஒரு நாள்.

கன்னியப்பன் சிரித்தார். சத்தமாகவே சிரித்தார். "பட்டப்பகல்ல இன்னாடி பயம்? பயம்ன்றது மனசுலதான் கீது சுலோ. பொம்பளைங்களே இப்படித்தான். என்னப் பாரு."

சுலோச்சனா பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சரி. அப்போ ஒரு நாய் வாங்கிக் குடுங்க."

வாய்க்குப் போன கவளம் பாதி வழியில் நின்றது. "நாயா?"

"நாய்தான். துணைக்கு. முட்டை வெக்கிற நாலு கோயி வேற காணாம பூடுச்சி. ஒரு நாய் இருந்தா எனக்கும் தைரியமா இருக்கும்."

அப்போதுதான் அந்த வார்த்தை அவர் வாயில் வந்து விழுந்தது. போன மாசம் பத்திரம் பதிய வந்த ஒரு குடும்பம். மத்தியானச் சாப்பாட்டில் பையன் கத்தரிக்காயைத் தொடமாட்டேன் என்றான். அப்பா கையை ஓங்கினார். பையன் 'அலர்ஜி' என்றான். ஓங்கின கை அப்படியே பையன் தலையைத் தடவிக் கொடுத்தது. கன்னியப்பன் அதைப் பார்த்து அசந்துபோயிருந்தார். கொழுப்பு என்றால் அடிக்கிறார்கள். பயம் என்றால் சிரிக்கிறார்கள். அலர்ஜி என்றால் மட்டும் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

"எனக்கு நாய் அலர்ஜி," என்றார்.

"அப்படின்னா?"

"சேராது. கிட்ட வந்தா தும்மல் வரும். மூச்சு முட்டும். ஆளே பூடலாம்."

"இருபத்தோரு வருஷத்துல ஒரு நாளும் சொல்லலியே?"

"நாய் வளத்திருந்தா சொல்லியிருப்பேன்."

சுலோச்சனா உடனே மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். சுதா விவரமான பெண். ஐந்தே நிமிஷத்தில் உலகத்து நாய்களை எல்லாம் அலசிவிட்டாள்.

"அப்பா, அலர்ஜி இருந்தாக்கூட நாய் வளக்கலாம்ப்பா. முடி கொட்டாத நாய் இருக்கு. பூடில்னு பேரு."

"முடி இல்லம்மா. எனக்கு நாயோட எச்சில்தான் ஆவாது."

"எச்சில் கம்மியா வுடற ஜாதி கூட இருக்குப்பா."

"எச்சில் கம்மியா இருந்தா மூச்சு ஜாஸ்தியா வுடும். மூச்சும் ஆவாது."

"அப்போ வெளியவே கட்டி வெச்சு, வாரத்துக்கு ரெண்டு தடவை குளிப்பாட்டினா?"

"வெளிய கட்டுனா குலைக்குமே. குலைக்கிற சத்தம் கேட்டாலே எனக்குத் தும்மல் வந்துடும்."

"சத்தத்துக்கு எப்படிப்பா தும்மல் வரும்?"

"ஏன் வராது? காது, மூக்கு, தொண்டை மூணுக்கும் ஒரே டாக்டர்தானே? உள்ளுக்குள்ள எல்லாம் ஒரே லைனு!"

ஜெயித்துவிட்ட தெம்பில் கன்னியப்பன் இன்னும் ஒரு வரி சேர்த்தார். "பத்தடிக்குள்ள நாய் இருந்தா போதும். கண்ணுக்குத் தெரியாட்டியும் என் மூக்குக்குத் தெரிஞ்சிடும். நாய் இல்லாம தும்மல் இல்ல!"

பத்திரத்தில் தேவைக்கு மேல் ஒரு வரி எழுதினால் பின்னால் வில்லங்கம் என்று கட்சிக்காரர்களுக்கு நாள் முழுக்கச் சொல்கிறவர்தான். தன் வாய்க்கு மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருசப்பன் ஒரு நாய்க்குட்டியோடு வந்தார். குபேர நகர் கழனியாக இருந்தபோது முப்பது வருஷம் அதில் உழைத்தவர். இப்போது கற்களுக்கு நடுவே ஆடு மேய்க்கிறார். தண்ணீர் கேட்டு வாசலுக்கு வருவார், உள்ளே வரமாட்டார். குட்டி சிமெண்ட் சாக்குக்குள் வந்தது. வளைவு தாண்டும்போது ஒரே ஒரு தடவை ஊளையிட்டதாம். அப்புறம் மூச்சு விடவில்லையாம்.

"சொம்மா பாக்கத்தான். நெசமாவே சேரலன்னா திருப்பிக் குடுத்துடலாம்," என்றாள் சுலோச்சனா.

குட்டியை ஹாலில் இறக்கினார்கள். அது கன்னியப்பனைப் பார்க்கவில்லை. பிஸ்கட்டைப் பார்க்கவில்லை. டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால், கன்னி மூலையைப் பார்த்தது. கால்கள் நடுங்க, பார்த்த கண் எடுக்காமல், நின்ற இடத்திலேயே தரையை நனைத்தது.

கன்னியப்பனுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. அவர் பாக்கெட்டில் இருந்த கைக்குட்டைக்குள் பஜாரில் வாங்கின மூக்குப்பொடி இருந்தது. முகத்தைத் துடைக்கிற சாக்கில் ஒரு இழுப்பு இழுத்தார். பதினோரு தும்மல். ஒவ்வொன்றுக்கும் வாசலிலிருந்து இருசப்பன் "நூறு, நூறு" என்று வாழ்த்தினதில், ரைட்டருக்கு ஆயிரத்து நூறு வயசு உறுதியாயிற்று.

"தூக்கினு போங்கண்ணே. மனுசன் பூடப் போறாரு," என்றாள் சுலோச்சனா பதறிக்கொண்டு. குட்டி போய்விட்டது. கன்னியப்பன் அன்று இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

சாயங்காலம் அவர் கைக்குட்டையைத் துவைத்தது சுலோச்சனா. துவைத்துக் காயப்போட்டாள், மடித்து வைத்தாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்டாட்டி ஒன்றும் பேசாத நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்க வேண்டும். கன்னியப்பன் போடவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு, உச்சிவேளை. சாப்பிட்டுவிட்டு ஹாலில் தன் நாற்காலியில் உட்கார்ந்து, "ஃபேனைப் போடு சுலோ" என்றார். ஃபேன் சுற்றியது. ஒரு தும்மல் வந்தது. மூக்கைத் தேய்த்தார். இன்னொன்று. பிறகு அடைமழையாக ஏழெட்டு. கைக்குட்டை உள்ளே பீரோவில் மடித்தபடி இருக்கிறது. இது எங்கிருந்து வருகிறது என்று அவருக்கே விளங்கவில்லை.

சுலோச்சனா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுக்கிப் பொத்தியிருந்தாள். கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"நாய் எங்கங்க?"

"இன்னா நாய்?"

"தும்முறீங்களே."

"அது... சளி புடிச்சிருக்கும்."

"ஒரு சளியும் இல்ல. வாசல்ல உக்காந்து ஒரு மணி நேரம் பேப்பர் படிச்சீங்க, தும்மல. கொல்லையில தும்மல. இங்க வந்துதான் தும்முறீங்க." அவள் குரல் இறங்கியது. "நாய் இல்லாம தும்மல் இல்லன்னீங்களே. கண்ணுக்குத் தெரியாட்டியும் உங்க மூக்குக்குத் தெரியும்னீங்களே..."

மெல்லத் திரும்பிக் கன்னி மூலையைப் பார்த்தாள். "அந்தக் குட்டியும் அங்கதானே பாத்துச்சி?"

வெளியே கற்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. ஒரு இலை அசையவில்லை. அந்த அமைதியில், டைல்ஸ் தரையில், எங்கோ பக்கத்தில், 'டிக்... டிக்... டிக்' என்று ஒரு சத்தம். நகம் வைத்த கால் ஒன்று நிதானமாக நடந்துபோய் மூலையில் நின்றது. கன்னியப்பன் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமையும் அதே கதை. செவ்வாய்க்கிழமையும். ஹாலில் அவர் உட்கார்ந்து ஃபேன் சுற்றினால் தும்மல். சுலோச்சனா முந்தானையைப் பொத்திக்கொண்டு மூலையைப் பார்ப்பாள். புதன்கிழமை அவரே போய் இருசப்பனைக் கூட்டிவந்தார்.

"இருசப்பண்ணே, இந்த எடத்துல முன்னாடி நாய் கீய் ஏதாச்சும்..."

இருசப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "தெரியாதா ரைட்டரே? இங்கதான் கெணறு, மரம், பம்புசெட்டு எல்லாம் இருந்துச்சி. காவலுக்கு ஒரு நாய். சிப்பாயின்னு பேரு. வேற நாயி ஒண்ணை இந்தக் கழனியில கால் வைக்க வுடாது. இன்னிக்கும் ஒண்ணும் வராது, பாத்துக் கீறீங்களா? கழனிய வித்த வருஷம் கெணத்தை மூடிட்டாங்க. சிப்பாயி மூணு நாளு சோறு தண்ணி எடுக்கல. மூடுன கெணத்தைச் சுத்திச் சுத்தி வந்து, செத்துப் போச்சு. நான்தான் பொதச்சேன்."

"எங்க பொதச்சீங்க?"

இருசப்பன் எழுந்தார். முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் வந்தார். கண்ணை மூடி, இல்லாமல் போன கிணற்றையும் இல்லாமல் போன மரத்தையும் மனசுக்குள் வைத்து, அடி அளந்து நடந்தார். டி.வி. ஸ்டாண்டைத் தாண்டி நின்றார்.

"இங்க."

சுலோச்சனாவின் கையிலிருந்த தம்ளர் விழுந்து உருண்டது. அதை யாரும் எடுக்கவில்லை.

"தோண்டி எடுத்துடலாம்," என்றார் கன்னியப்பன். "நான் மனையைத்தான் வாங்குனேன். நாயை வாங்கல."

சுலோச்சனா உள்ளே போய்ப் பத்திரத்தை எடுத்துவந்தாள். அவரே தன் கையால் எழுதினது. "இத்தப் படிங்க. 'மேற்படி மனையிலுள்ள நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம் சகலமும்'னு எழுதியிருக்கீங்களே. நிக்ஷேபம்னா இன்னாங்க?"

இருபது வருஷமாக ஒவ்வொரு பத்திரத்திலும் எழுதுகிற வார்த்தை. ஒருத்தரும் இதுவரை அர்த்தம் கேட்டதில்லை. கன்னியப்பன் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பூமிக்குள்ள பொதைச்சு வெச்சது."

"அப்போ சிப்பாயியும் நம்புளுதுதான். நீங்களே எழுதி வாங்கிக் கீறீங்க."

இருசப்பன் மூலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார்.

மறுநாளிலிருந்து கன்னி மூலையில் ஒரு தட்டுத் தயிர்சோறு. கன்னியப்பன் வேலைக்குப் போகும்போது இருக்கும். வரும்போது வழித்தெடுத்த மாதிரி காலியாக இருக்கும். அவர் ஹாலுக்குள் கால் வைப்பதை விட்டார். டி.வி.யைச் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். அங்கிருந்தும் அந்தச் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். ஆபீசில் உட்கார்ந்தாலும் காதுக்குள் அதுதான். ஒரு கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது, 'வடக்கே வாய்க்கால்' என்று வரவேண்டிய இடத்தில் 'வடக்கே நாய்க்கால்' என்று எழுதிவிட்டார். வாங்குகிறவர் பயந்துபோய்ப் பதிவையே தள்ளிவைத்தார்.

"இதுக்கு இன்னாண்ணே வழி?" என்று இருசப்பனிடம் கேட்டார்.

"அதுக்கு டூட்டி முடியல ரைட்டரே. செத்தது போவணும்னா உசுரோட ஒண்ணு வரணும். காவலை மாத்தி வுட ஆளு வந்தாத்தான் அது கெளம்பும்."

"ஒரு நாய் வளக்கச் சொல்றீங்களா?"

"வேற வழி தெரியல."

சுலோச்சனா பெருமூச்சு விட்டாள். "அதுக்குத்தான் குடுப்பினை இல்லியே அண்ணே. இவருக்கு அலர்ஜியாச்சே. அது தட்டுல சோறு துன்னுக்கினு இங்கியே கெடக்கட்டும். நமக்கு இன்னா, ஆயுசுக்கும் தானே."

ஆயுசுக்கும்! அந்த ஒரு வார்த்தை கன்னியப்பனை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. உயிருள்ள நாய் கடிக்கும். ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரியும். சங்கிலி போடலாம். செத்த நாய்க்குச் சங்கிலி எந்தக் கடையில் விற்கிறது?

சனிக்கிழமை மத்தியானம் தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு ஹாலுக்குள் வந்தார். "சுலோ, எனக்கு அலர்ஜி சரியாப் போச்சு."

"அப்படியா? நல்லதாப் போச்சு. உக்காருங்க," என்று ஃபேனைப் போட்டாள்.

ஒன்பது தும்மல்.

"சரியாப் போவலியேங்க," என்றாள் முந்தானைக்குள்ளிருந்து.

"இல்ல, அது வந்து..."

"தோ பாருங்க. ரெண்டுல ஒண்ணுதான் நெசம். உங்களுக்கு அலர்ஜி கீதுன்னா, வூட்டுக்குள்ள நாய் கீது. நாய் இல்லன்னா, உங்களுக்கு அலர்ஜி இல்ல. எதுன்னு நீங்களே சொல்லுங்க. நீங்கதான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவரு."

கன்னியப்பன் மூலையைப் பார்த்தார். அங்கே தயிர்சோற்றுத் தட்டு காலியாக இருந்தது. மீசை துடித்தது. இருபத்தோரு வருஷம் கட்டிக்காத்த கோட்டை ஒரு நிமிஷத்தில் சரிந்தது.

"அலர்ஜியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல சுலோ. அது மூக்குப்பொடி. எனக்கு நாய்ன்னா பயம். சின்ன வயசுலேந்து பயம். கால்ல இருக்கறது சைக்கிள் செயின் இல்ல. போதுமா?"

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை. ஃபேனை அணைத்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, ஃபேன் றெக்கை மேல் ஒரு விரலால் வழித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல் நுனியில் பழுப்புப் பொடி.

"நீங்க வாங்குற அதே கடைதான்," என்றாள்.

கன்னியப்பனுக்கு வாய் திறந்தது, மூடவில்லை. முந்தானை எதற்கு மூக்கில் இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

"நான் பயமா கீதுன்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. மனசுலதான் கீதுன்னீங்க. உங்க பயத்துக்கு மட்டும் இங்கிலீசுல ஒரு பேரு வெச்சிக்கினீங்க. நாய் வராத எடமாப் பாத்து வூடு கட்டி, என்னைக் கொண்டாந்து கல்லுங்களுக்கு நடுவுல வுட்டுட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. அதான், எம் பயம் எப்படி இருக்கும்னு கொஞ்ச நாளு உங்களையும் உக்கார வெச்சேன்."

கோபம் வரவேண்டிய இடத்தில் கன்னியப்பனுக்கு வெட்கம் வந்தது. தினமும் ஒன்பது மணிக்கு மொபெட்டை முறுக்கிக்கொண்டு போனபோது, வாசலில் நின்ற இவள் முகத்தை ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருக்கலாம். அது அவருக்கு உறைத்தது. கூடவே, பேயும் இல்லை, நாயும் இல்லை என்ற நிம்மதியும் சேர்ந்து வந்தது. சிரிக்க ஆரம்பித்தார்.

"தயிர்சோறு?"

"நீங்க அந்தாண்ட போனதும் எடுத்துக் கோயிக்குப் போட்டுடுவேன்."

"அடிப்பாவி! இருசப்பண்ணனைக் கூட நல்லாத்தான் தயார் பண்ணி வெச்சிருந்த. அடி எல்லாம் அளந்து, கும்பிடு எல்லாம் போட்டு..."

சுலோச்சனா சிரிக்கவில்லை. ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கினாள்.

"அவருக்கு நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலீங்க. சிப்பாயி கதைய நானே அன்னிக்குத்தான் கேட்டேன். அன்னிக்கு தம்ளரு நெசமாத்தான் கை தவறிச்சி."

கன்னியப்பனின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோயிற்று. "அப்போ அந்த நகச் சத்தம்? நீ ஏதோ பண்ணதுதானே?"

அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"உங்களுக்கும் கேக்குதா?" என்றாள். "குடி வந்த நாள்லேந்து எனக்குக் கேட்டுக்கினு கீது. அதுக்குத்தானேங்க நாய் கேட்டேன்."

ஃபேன் நின்றிருந்தது. வெளியே உச்சிவெயில். காய்ந்த புல் ஒரு சுற்று சரசரத்து வந்து வாசலில் நின்றது. பிறகு டைல்ஸ் மேல், அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே, நிதானமாக: டிக். டிக். டிக்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். அங்கிருந்தபடியே சுலோச்சனா தென்னேரியில் இருக்கும் தம்பி மோகனுக்குப் போன் போட்டாள். போனைப் பிடுங்கிப் பேசினது கன்னியப்பன்.

"மோகன், உங்கிட்ட ஒரு நாய் கீதே, அத்தக் கொண்டாந்து வுடு. முடி கொட்டுமா? கொட்டட்டும்! எச்சில் வுடுமா? வுடட்டும்! நல்லா குலைக்குமா? அது போதும்பா!"

மோகனின் நாய் செவத்தா மறுநாள் காலை குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது. நாலு வயசு, நல்ல உயரம். வளைவருகே தானாகக் குதித்து நின்றது. முதுகு மயிர் சிலிர்த்து எழுந்தது. ரோட்டோரத்துத் தெருநாய்கள் நாலும் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அப்படியே நின்று மோப்பம் பிடித்தது. பிறகு, யாரோ வா என்று கூப்பிட்ட மாதிரி, கற்களுக்கு நடுவே நேராக நடந்து, இருபத்தேழாம் நம்பருக்கு வந்து, வாசல் தாண்டி, ஹால் தாண்டி, கன்னி மூலைக்குப் போயிற்று. வெறும் சுவரைப் பார்த்து வாலை ஆட்டியது. மூன்று சுற்று சுற்றிப் படுத்தது. சுவரை ஒட்டிப் படுக்கவில்லை. சுவருக்கும் தனக்கும் நடுவே இன்னொரு நாய் படுக்கிற அளவுக்கு இடம் விட்டுப் படுத்தது.

மோகன் அதைப் பார்க்கவில்லை. காபி குடித்துவிட்டுப் போய்விட்டான். பார்த்த இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அன்று உச்சிவேளையில் புல் சரசரக்கவில்லை. நகச் சத்தமும் இல்லை. சுலோச்சனா ரொம்ப நாளைக்கு அப்புறம் வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அரிசி புடைத்தாள்.

கன்னியப்பன் நிலைமைதான் இரண்டுங்கெட்டான். நாய் என்றால் பயம். நாய் இல்லாத இடம் என்றால் இப்போது அதைவிடப் பயம். கணக்குப் போட்டுப் பார்த்து, பாயைச் சுருட்டிக்கொண்டு போய், கண்ணை இறுக மூடி, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு, செவத்தாவுக்குப் பக்கத்திலேயே விரித்துப் படுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாய்க்கு முதுகைக் காட்டிப் படுத்தார். பெருமையாகக் கூட இருந்தது.

செவத்தா தலையைத் தூக்கி அவர் சட்டையை மோந்தது. இத்தனை நாளும் ஃபேனிலிருந்து கொட்டின பொடி சட்டையில், லுங்கியில், மீசையில் எல்லாம் ஊறிக் கிடந்தது.

தும்மியது. மறுபடி தும்மியது. முன்னங்காலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு வரிசையாக எட்டுத் தும்மல் போட்டு, கண்ணில் நீர் வழிய அவரைப் பார்த்தது.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு சுலோச்சனா ஓடிவந்தாள். நாயைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"எழுந்துருங்க. பாயை எடுத்துக்கினு நீங்க வெளிய போய்ப் படுங்க. அது பாவம், வாயில்லாத ஜீவன். அதுக்குப் பொய்யாத் தும்மத் தெரியாது."